லிந்துலையில் ஒரு புதுவீடும் சத்தம் கடக்காத சுவரும்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் தூங்கினால்தான் எனக்குக் கை ஓயும், இன்றைக்கு அவள் தூங்கவே பதினொன்றரை ஆகிவிட்டது.

இன்று, சனிக்கிழமை, நானும் மகளும் மலையகத்து லிந்துலைக்குப் போய் வந்தோம். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இளம் கட்டடக் கலைஞர்கள் சிலர், தொழிலாளர்களின் ஒட்டு வரிசை வீடுகளான லயத்துக்குப் பதிலாக என்ன கட்டலாம் என்று காட்ட ஒரு மாதிரி வீடு கட்டியிருக்கிறார்கள். பலரும் படம் பிடிக்கப் போகிறார்கள். நான் போன காரணம் வேறு. கணவரின் குடும்பத்துக்கு அதே சரிவில் வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கிடைத்திருக்கிறது. அடுத்த தவணையிலிருந்து எனக்கு அங்குள்ள பள்ளிக்கூடத்தில் வேலை. அவருக்கோ கொழும்பில் வேலை. ஆக, கட்டப்போகும் வீட்டில் நானும், அடிக்கடி மூச்சு இழுக்கும் இரண்டு வயது மகளும் மட்டும்தான் இருப்போம்.

கொழும்பு புறக்கோட்டையில் காலை 5.15 பஸ். ஹட்டன் சுமார் 130 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் பிடித்தது. கினிகத்தேனை தாண்டினால் வளைவுகள் கூடும். பிள்ளைகளோடு போகிறவர்கள் பொலித்தீன் பையைக் கையிலேயே வைத்திருங்கள், கைப்பையின் அடியில் அல்ல (அனுபவம்). ஹட்டனில் பஸ் மாறித் தலவாக்கலை. அங்கிருந்து ஆட்டோ, காத்திருந்து திரும்பக் கொண்டுவிட 2,000 ரூபாய்.

“அந்தக் கண்ணாடி வீட்டுக்கா தங்கச்சி? போட்டோ புடிக்கத்தான் வாறாங்க. குடியிருக்கணும்னு பாக்க வந்த மொத ஆளு நீங்கதான்” என்றார் டிரைவர்.

வீடு நன்றாகவே இருக்கிறது. பூசாத செங்கல், பள்ளத்தாக்கைப் பார்த்த பெரிய ஜன்னல், கூரையில் வெளிச்சம் விழ ஒரு திறப்பு. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அடுப்படி. புகை நேரே மேலே போய்விடுகிறது, வீட்டுக்குள் ஒரு துளி இல்லை.

அதைக் கட்டியவர்களில் சுரேன், ரஷ்மி என்று இரண்டு பேர் சுற்றிக்காட்டினார்கள். சுரேன் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ரஷ்மி கண்டிக்காரி. அவர் சிங்களத்தில் ஒன்றைச் சொல்லி, சுரேன் அதைத் தமிழில் முடிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவார். மேசையில் அட்டையில் செய்த ஒரு சின்ன நகரம் இருந்தது. சரிவில் பன்னிரண்டு வீடுகள், அதில் ஒன்று எங்களுக்கு; நடுவே தெருவாக ஒரே படிக்கட்டு, அதில் ஆங்காங்கே உட்கார்ந்து பேச மேடைகள்.

“எல்லாரும் வீடு கட்ட மொதல்ல மலைய வெட்டுறாங்க அக்கா. நாங்க வெட்டல. வீடே படி மாதிரி எறங்குது பாருங்க” என்று சுரேன் குனிந்து, அட்டைப்படியில் இரண்டு விரல்களை நடக்கவிட்டார். என் மகளும் விரலை விட்டாள். ஒரு கூரை பிய்ந்தது. ரஷ்மி சிரித்துக்கொண்டே ஒட்டினார்.

என் கவலை அங்கேதான் தொடங்கியது. பன்னிரண்டு வீடுகளும் தனித்தனி. கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் கணவர் பிறந்து வளர்ந்த லயத்தில் தங்கியிருந்தபோது ஓர் இரவு மகளுக்கு இழுப்பு வந்தது. லயத்தில் அவசரம் என்றால் நடுச்சுவரில் தட்டுவதுதான் வழக்கம். தட்டினேன். நான் டோர்ச்சைத் தேடி எடுப்பதற்குள் பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், குடியிருக்கும் ராணி அக்கா உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கிவிட்டார். அவர் கணவர் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

புதுக் காணியிலும் ராணி அக்காதான் எங்களுக்குப் பக்கம். இன்று கொழுந்து பறித்துவிட்டு நேரே அங்கே வந்திருந்தார். அடுத்த வீடு வரவேண்டிய இடத்தில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, நான் மாதிரி வீட்டின் படுக்கையறைக் கதவைச் சாத்திச் சுவரில் தட்டினேன். பிறகு கத்தியும் கூப்பிட்டேன். வெளியே வந்து பார்த்தால் அக்கா தலையில் கட்டிய துணியை உதறிக்கொண்டு நிற்கிறார்.

“எப்ப டீச்சர் தட்டப் போறீங்க?”

“பாத்தீங்களா அக்கா!” சுரேனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “ரெட்டைச் செவரு. நடுவுல காத்து. ஒரு சத்தம் போகாது.”

தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். அந்த மலை மடிப்பில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகிறது.

இரண்டு வீட்டையும் ஒரு சுவரில் ஒட்டிக் கட்டலாமா என்று கேட்டேன். சுரேன் அந்த இரட்டைச் சுவரில் கை வைத்தார். “எங்க அப்பா தண்ணி போட்டுட்டு வந்து கத்துனா, ஆறு காம்பராவுக்கும் கேக்கும் அக்கா. காலையில ஸ்கூலுக்கு போனா, அத அப்படியே நடிச்சுக் காட்டுவாங்க. அந்தச் செவர ஒடைக்கணும்னுதான் நான் இந்தப் படிப்புக்கே போனேன். திரும்பவும் ஒட்டவா?”

ரஷ்மி அதற்குள் ஒரு தாளில் இரண்டு வீட்டையும் நெருக்கி வரைய ஆரம்பித்துவிட்டார்.

ராணி அக்காவைப் பார்த்தேன். “இத்தன வருசமா ஒங்க வீட்டுக்காரரு கொறட்டையக் கேட்டது போதும்னு இருந்தேன் டீச்சர்” என்று சிரித்தார். பிறகு மகளின் கன்னத்தைத் தொட்டு, “ஒட்டித்தான் கட்டணும்னா கட்டுங்க. எம் மருமக வர்றப்ப அவ ஏசுவா, அத நான் பாத்துக்கிறேன். ஆனா முடிவ சட்டுனு சொல்லுங்க. திங்கக்கெழம அத்திவாரத்துக்குக் கானு வெட்டுறாங்க.”

போக நினைப்பவர்களுக்கு: பகல் பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள், அதன் பிறகு மூடுபனி, ஜன்னலில் ஒன்றும் தெரியாது. கடைசி அரைக் கிலோமீட்டர் ஆட்டோ ஏறாது, நடந்து ஏறக் காலுக்கு நல்ல சப்பாத்து வேண்டும். படம் பிடிக்கத் தோட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து லயத்தைக் கேட்காமல் பிடிக்காதீர்கள், அதில் ஆட்கள் இருக்கிறார்கள்.

எனக்கு அந்த வீடு வேண்டும். அந்த அடுப்படியும் வேண்டும். ஒட்டுச்சுவர் கேட்டால் இரண்டு குடும்பங்களின் தனிமையையும் என் பயத்துக்காகக் கேட்கிறேன். கேட்காவிட்டால் இரவில் எனக்கு யாருமில்லை. கணவர், “நீதானே இருக்கப்போற, நீயே சொல்லு” என்கிறார்.

மலையகத்தில் தனி வீட்டுக்கு மாறி, சின்னப் பிள்ளையோடு தனியாக இருக்கும் அம்மாமார் இதைப் படித்தால் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: இரவில் பிள்ளைக்கு முடியாமல் போனால் யாரை, எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? நாளை ஞாயிறு மாலைக்குள் நான் முடிவைச் சொல்ல வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.