மீனுக்கு வைத்த செய்வினை

நாங்கள் குடியேறியிருக்கும் நியூசிலாந்துச் சிற்றூரில், மீனைப் பாடுபட்டுப் பிடித்து மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். போன புதிதில், ஆற்றங்கரையில் பெரிய மீனோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரரிடம் அதை எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. எதற்கென்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். மகள் தியாவின் பள்ளியில் ஆண்டுதோறும் மீன்பிடி நாள் உண்டு. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி, பூச்சிபோல மிதக்கும் ஒரு ‘ஃப்ளை’யைப் பெற்றோரே கட்டித் தர வேண்டும். அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் நான் சுற்றிய சுற்றில் முள்ளில் தூண்டில் நூல் கோக்கும் காதே பாதி அடைத்துப்போனது. மற்றப் பிள்ளைகளின் பூச்சிகள் மிதக்க, தியாவினுடையது கல்லாக மூழ்கியது. அவள் தூண்டிலைச் சுருட்டி வைத்தாள். அழுதிருந்தால் சமாதானமாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த மீன்பிடி நாளுக்குள் கை பழகிவிட வேண்டும் என்று, விடுமுறைக்குத் தென்காசி வந்த பிறகும் கட்டிக்கொண்டிருந்தேன். இறகை அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். பழகத்தானே என்று பக்கத்து ஊர் வடகரைச் சேவலின் கழுத்து இறகை மட்டும் கேட்டபோது கறிக்கடை அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிள்ளை கையில் குத்திவிடக் கூடாதென்று முள்ளின் முனையைக் குறடால் ஒடித்துவிட்டேன். ஒருவழியாகப் பூச்சி மாதிரி ஒன்று அமைந்தது. அதுதான் கட்டிலுக்கடியில் உருண்டு, பெருக்க வந்த மாமியார் கண்ணில் பட்டது.

"ஏட்டி, இங்கன வா. சேவல் முடி, கறுப்பு நூலு, இரும்பு. யாரோ நம்ம வீட்டுக்குச் செய்வினை வச்சிருக்காவ."

"நான்தான் கட்டினேன் அத்தை."

அத்தை ஓர் அடி பின்வாங்கினார். "நீயா? யாருக்கு?"

"மீனுக்கு."

"மீனு உனக்கு என்னட்டி செஞ்சுது?"

எல்லாவற்றையும் விளக்கினேன். பிடித்து விட்டுவிடுவதற்கா இவ்வளவு பாடு என்று அத்தை கேட்டார். அந்த ஊர்க்காரியாக நானும் முகம் வாடினேன். இருந்தாலும் செய்வினை மாதிரி இருப்பதை வீட்டில் வைக்கக் கூடாது, ஓடும் தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை குற்றாலம் போனோம். அருவிக்குக் கீழே ஆள் குளிக்காத இடத்தில் அத்தை அதை எறிந்தார். தியாவின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென நடந்தார்.

மிதக்கிறதா என்று தெரியாமல் எப்படிப் போவது? திரும்பிவிட்டேன். தியாவும் திரும்பியிருந்தாள்.

"ம்மா, மிதக்குது."

திரும்பாமலே அத்தை கேட்டார்: "போயிட்டுதா?"

பாறைக்குப் பின்னால், கரைக்கும் வராமல் தண்ணீரோடும் போகாமல், இறகு நனையாமல் அது சுற்றிக்கொண்டிருந்தது.

"போயிட்டுது அத்தை" என்றேன்.