சிபானா பூட்டிய ரிப்போட்டுகள்

மதுரங்குளியில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் சிபானாவுக்கு வேலை. ரிப்போட்டுகளைப் பாஸ்வேட் போட்டுப் பூட்டி ஈமெயிலில் அனுப்ப வேண்டும். பாஸ்வேட்டை உரியவருக்கு மட்டும் போனில் சொல்ல வேண்டும். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊரில் பாதிப் பேருக்குச் சொந்தமாக ஈமெயில் கிடையாது. கேட்டால், போட்டோக்கொப்பிக் கடை இஸ்ஹாக்கின் முகவரியைக் கூசாமல் கொடுப்பார்கள். ஊராரின் சிறுநீரும் சர்க்கரையும் அவருடைய பிரிண்டர் வழியாகத்தான் வீடு போய்ச் சேரும்.

கலியாணம் பேசியிருந்த ஃபஸ்னாவின் ரிப்போட்டும் அங்கேதான் போனது. அவள் இரத்தத்தில் தலசீமியா என்ற பரம்பரை நோயின் கூறு இருந்தது. அதனால் அவளுக்கு ஒரு கெடுதலும் இல்லை. மாப்பிள்ளைக்கும் அதே கூறு இருந்தால்தான் பிள்ளைகளுக்கு ஆபத்து. பாஸ்வேட் கேட்டு இஸ்ஹாக்கே போன் எடுத்தார்.

"தங்கச்சி, நம்பரச் சொல்லுங்க. பிரிண்ட் எடுத்து வெக்கிறன்."

"அந்தப் புள்ளக்கிட்ட மட்டுந்தான் சொல்லுவன், இஸ்ஹாக் நானா."

அவர் உடனே நிலையத்து முதலாளி முபாரிஸுக்குப் போன் அடித்தார். முபாரிஸ் சிபானாவின் கணினியில் எட்டிப் பார்த்து, பாஸ்வேட்டை உரக்கச் சொல்லிக் கொடுத்தார்.

"சனத்தக் கரைச்சல்படுத்தாதீங்க சிபானா. எல்லாம் நம்மட ஆக்கள்தானே."

நம்மட ஆள் இஸ்ஹாக் தன் வேலையைக் காட்டிவிட்டார். அஸர் தொழுகைக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போனது. நோய்க்காரப் பெண் வேண்டாமென்று கலியாணத்தை நிறுத்தினார்கள்.

"பூட்டித்தான் அனுப்புவம் எண்டீங்களே ராத்தா," என்று போனில் அழுதாள் ஃபஸ்னா.

அடுத்த கிழமை மாப்பிள்ளை அக்ரமே இரத்தம் கொடுக்க வந்தான். இனிப் பெண் பேசும் இடத்தில் காட்டுவதற்காம். முபாரிஸ் ஓடிப்போய்க் கதிரை இழுத்துப் போட்டார்.

"சிபானா, இத நல்லாப் பூட்டி, இவர்ட சொந்த மெயிலுக்கே அனுப்புங்க. பெரிய இடத்துப் புள்ள. வெளிய ஒரு கதையும் போகப்படாது."

முபாரிஸின் முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு.

ரிப்போட் வந்தது. அக்ரமுக்கு அந்தக் கூறு இல்லை. ஓடிப்போய் ஃபஸ்னாவிடம் சொல்ல மனம் துடித்தது. சொன்னால், இஸ்ஹாக்குக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டி அனுப்பினாள். அக்ரமுக்குப் போன் எடுத்துப் பாஸ்வேட்டைச் சொன்னவள், போனை வைக்க மனமில்லாமல் கேட்டாள்.

"தம்பி, ஒங்களுக்கு அந்தக் கூறு இல்ல. ஃபஸ்னாவக் கலியாணம் முடிச்சா ஒரு புள்ளைக்கும் அந்த நோய் வராது. வீட்டுல எடுத்துச் சொல்லேலாதா?"

"அது முடிஞ்ச கதை ராத்தா," என்றான் அவன். "என்ட ரிப்போட்ட மட்டும் ஆருக்கும் காட்டிடாதீங்க."