அண்ணாச்சியின் வலது கட்டைவிரல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் ஜவுளிக்கடை ஞானதுரை அண்ணாச்சிக்கு விருது கொடுத்தார்கள். மேடை, மாலை, மைக் எல்லாம் உண்டு. விருதின் பெயர், 'வாழ்நாள் கற்றல் நாயகன்'.

ஒரே மாதத்தில் அண்ணாச்சி படித்து முடித்த பாடங்களை மைக்கில் வாசித்தார்கள். வாகன ஓட்டுநர் தேர்வுப் பயிற்சி. தையல், தொடக்க நிலை. மலையாளம் எழுதப் படிக்க. கர்ப்பகாலப் பராமரிப்பு – நூற்றுக்கு நூறு.

அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தெட்டு.

கூட்டம் கை தட்டியது. அண்ணாச்சியின் மனைவி மட்டும் தட்டவில்லை.

நான் மேடைக்குப் பின்னால், ஒயர்களுக்கு நடுவில் ஒளிந்து நின்றேன். குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டே!

ஊர்ப் பெயர் வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊர்... அது போதும். நாளைக்கும் நான் அங்கேதான் டீ குடித்தாக வேண்டும்.

எங்கள் ஊரை 'ஸ்மார்ட்' ஆக்குவதென்று முடிவானதும், முதல் வேலையாகக் கடைத்தெருவில் ஒரு கற்றல் மையம் கட்டினார்கள். ஏ.சி., பெரிய திரை, வரிசையாக டேப்லட்கள். அதற்கு ஒருங்கிணைப்பாளர், அடியேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய், பாதியில் திரும்பி வராத முதல் ஆள் நான். 'கற்றல்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கண் கலங்கிவிடும். வேலைக்கான இன்டர்வியூவில் ஒரு படம் போட்டுக் காட்டினேன். பெரிய வட்டம். நடுவில் 'மக்கள்'. வேலை கிடைத்துவிட்டது.

மையத்தின் பெருமையே அதன் கதவுதான். பூட்டு கிடையாது, சாவி கிடையாது. சுவரில் ஒரு மெஷின். பதிவு செய்துகொண்டவர் எந்த நேரத்தில் வந்து விரல் வைத்தாலும் கதவு திறக்கும். உள்ளே எல்லா டேப்லட்டும் அவர் பெயரில் விழித்துக்கொள்ளும். ஒருங்கிணைப்பாளரின் விரலுக்கு மட்டும் பத்து மணி முதல் ஐந்து மணி வரைதான் அனுமதி. சம்பளம் வாங்குகிறவனை நம்பாதே என்று மெஷினுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் மாதம் யார் வந்தார்கள் தெரியுமா? வெயில் தாங்காமல் ஏ.சி.க்கு நாலு பேர். போன் சார்ஜ் போட ரெண்டு பேர். செயற்கை நுண்ணறிவு பற்றி நான் மாய்ந்து மாய்ந்து தயாரித்த பாடத்தை, கொசு மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனது.

அப்புறம் என் சித்தி வந்தார்.

சித்தி செல்லத்தாயி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். விடிகாலையில் ஜீப் ஏறினால் மலைக்கு மேலே, கேரளா. திரும்பி இறங்க இருட்டிவிடும். அந்த ஜீப்பில் மொத்தம் பதினோரு பெண்கள். அவர்கள் வீட்டு அடுப்பெல்லாம் அந்த ஜீப்பை நம்பித்தான் எரிகிறது. ஜீப்பின் டிரைவரோ, சித்திரையோடு வேலையை விட்டுவிட்டு மகனோடு திருப்பூர் போகிறேன் என்று சொல்லிவிட்டார். மாற்று ஆள் கிடைக்கவில்லை. ஜீப் நின்றால் பதினோரு பேருக்கும் வேலை இல்லை.

"நான் ஓட்டுறேன்" என்று ஓனரிடம் போய் நின்றிருக்கிறார் சித்தி. தோட்டத்துக்குள் ஓட்டிப் பழகியவர்தான்.

ஓனர் சிரித்தாராம். "லைசென்ஸ் எடுத்துட்டு வா தாயி, வண்டி ஒனக்குத்தான்."

சிரித்திருக்கக் கூடாது. சித்தி மறுநாளே எல்.எல்.ஆருக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

ஆனால், எல்.எல்.ஆர். வாங்கக் கம்ப்யூட்டரில் தேர்வு உண்டு. கேள்வி வரும், கூடவே கடிகாரம் ஓடும். நேரம் முடிந்தால் கேள்வியும் போய்விடும். சித்தி படித்தது மூணாம் வகுப்பு. பஸ் போர்டை நன்றாகவே வாசிப்பார் – பஸ் நின்றுகொண்டிருந்தால்.

"ஏலே, அந்தப் பரீச்சைய ஒங்க மையத்துல பழகலாமாமுல்ல?"

"பழகலாம் சித்தி. எந்நேரமும் வரலாம். இது மக்களுக்கான மையம்."

"அப்பச் சரி. நாங்களும் மக்கதான?"

மறுநாள் இருட்டியதும் ஜீப் நேராக மையத்து வாசலில் வந்து நின்றது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி... பதினோரு பேரும் இறங்கினார்கள். பதிவு செய்ய சித்தி விரலை வைத்தார்.

"மீண்டும் முயற்சிக்கவும்" என்றது மெஷின், பெண் குரலில்.

வைத்தார். "மீண்டும் முயற்சிக்கவும்."

"தலையில தேச்சிட்டு வையி தாயி. ரேசன் கடையில அப்பிடித்தான விழுகும்" என்றாள் ஈஸ்வரி. ஆறு மாதக் கர்ப்பத்தோடு மலைக்குப் போய் வருகிறவள்.

பதினோரு பேரும் விரலைத் தலையில் தேய்த்தார்கள். வரிசையாக வைத்தார்கள். மெஷின் முகம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் ஆனதுதான் மிச்சம். ஒரு விரலையும் அது ஒப்புக்கொள்ளவில்லை. வருஷக்கணக்கில் செடியின் தூரில் கை விட்டுக் காய் எடுத்த விரல்கள். ரேகை என்று ஒன்று மிச்சம் இருந்தால்தானே!

"இவ யாருலே, ஒங்க ஆபீசரு பொண்டாட்டியா? இம்புட்டு மரியாதையா வெரட்டுறா?" என்றார் சித்தி.

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். "விரலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் சார்" என்றார்கள். அதை நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. உயிர் முக்கியம்.

எதிர்க் கடையிலிருந்து வேடிக்கை பார்த்த அண்ணாச்சி, ரோட்டைத் தாண்டி வந்தார். "மெசின் ரிப்பேரா தம்பி?" என்று சும்மா தன் கட்டைவிரலை வைத்தார்.

"வணக்கம். வாருங்கள், கற்போம்!"

கதவு திறந்துகொண்டது. திறப்பு விழாவன்று கூட்டம் காட்டுவதற்காக நான்தான் அவரைப் பிடித்துப் பதிவு செய்திருந்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சித்தி அந்த விரலைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். "முப்பது வருசமாப் பட்டுச்சேலையத் தடவுன வெரலுல்ல... அண்ணாச்சி, அத ஒரு மாசத்துக்கு எங்களுக்குக் குடுங்க."

"வெட்டியா குடுக்க முடியும்?"

"வேணாம். நடந்து வந்து குடுத்தாப் போதும்."

அன்றிலிருந்து தினம் ஏழு மணிக்கு அண்ணாச்சி ரோட்டைத் தாண்டுவார், விரலை வைப்பார், கல்லாவுக்குத் திரும்பிவிடுவார். பதினோரு பேரும் உள்ளே. கூடவே நானும்.

என் பாடத்திட்டத்தை யாரும் கேட்கவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருந்தது. ஈஸ்வரி கர்ப்பகாலப் பாடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொருத்திக்கு, தோட்டத்து சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் மலையாளத்தில் என்னதான் எழுதுகிறார் என்று தெரிந்தாக வேண்டும். சித்தி டேப்லட்டோடு மல்லுக்கட்டினார். அதைவிட, கேள்வியோடு.

"மருத்துவமனை அருகில் ஹாரன் அடிக்கலாமா?" என்று கேட்டது திரை.

"எந்த ஆஸ்பத்திரி? மலை மெட்டுல, வளைவுல இருக்குற ஆஸ்பத்திரின்னா அடிச்சுத்தான் ஆகணும். அடிக்காமப் போனா அங்கனயே போய்ப் படுக்க வேண்டியதுதான்."

"சித்தி, மலையில ஓட்டுறது வேற. இங்கன 'கூடாது'ன்னு போடு."

"ஏலே, நீ தப்பாச் சொல்லித் தார."

அதற்குள் கடிகாரம் முடிந்துவிடும். தினமும் ரெண்டு மார்க்கில், மூணு மார்க்கில் தோற்றுக்கொண்டே இருந்தார்.

மாதக் கடைசியில் மெஷின், என்னைக் கேட்காமலே மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டது. ஒரு மனிதர், ராத்திரி ராத்திரி, ஒரே நேரத்தில் பல பாடங்கள் படித்திருக்கிறார்! யாருக்காவது சந்தேகம் வந்ததா? மெஷின் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விருது என்று கடிதம் வந்தது. சித்திக்குத் தேர்வு செவ்வாய்க்கிழமை.

அண்ணாச்சி நடுங்கிப்போனார். "கர்த்தரே... உண்மையச் சொல்லிருவமா தம்பி?"

"செவ்வாக்கெழம சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார் சித்தி. "கதவ அடச்சுட்டாகன்னா, மிச்சம் இருக்குற ரெண்டு நாளும் போயிரும். ஜீப்பும் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை. மைய வாசலிலேயே மேடை. விருதைக் கையில் கொடுத்த அதிகாரி மேடத்துக்கு நிஜமான ஆர்வம். அதுதான் வினையாகிவிட்டது. "இவ்வளவு படிச்சிருக்கீங்களே... இரும்புச்சத்து மாத்திரையை எப்போ சாப்பிடணும், மக்களுக்குச் சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார்.

அண்ணாச்சி வேர்வையைத் துடைத்தார். "அது வந்து... அவுகவுக வசதிப்படி..."

"அய்யய்யோ! சாப்பாட்டுக்குப் பெறகு மேடம்! டீயோட திங்கவே கூடாது!" கூட்டத்திலிருந்து ஈஸ்வரி.

சித்தி அவளைக் கிள்ளியதை நான் பார்த்தேன்.

மேடம் புருவத்தை உயர்த்தினார். திரையில் ஒரு சாலைக் குறியீட்டைப் போட்டார். "இது என்ன?"

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். என்னைத் தேடினார். நான் ஒயரோடு ஒயராக இருந்தேன். ஒரு நொடி... ரெண்டு நொடி...

"செங்குத்தான ஏத்தம்! இது கூடவா தெரியாது!"

சித்தி! வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்ட அதே சித்தி. பதில் தெரிந்த பிள்ளையால் சும்மா இருக்க முடியுமா? சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"நீங்க யாரும்மா? உங்க பேர்ல ஒரு பாடமும் இல்லையே?"

சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நேராக மையத்தின் கதவுக்குப் போனார். விரலை வைத்தார். "மீண்டும் முயற்சிக்கவும்." பின்னாலேயே ஈஸ்வரி. "மீண்டும் முயற்சிக்கவும்." அடுத்தவள். அடுத்தவள். பதினோரு முறை. மைக் பக்கத்திலேயே இருந்ததால் கடைத்தெரு முழுக்கக் கேட்டது.

மேடம் என்னைக் கூப்பிட்டார். "இன்டர்வியூல வட்டம் போட்ட பையன் நீதானே?"

"ஆமா மேடம்."

"உள்ள மக்களை எழுதின, சரி. அவங்க வர்றதுக்கு வழி எங்க விட்ட?"

ஸ்மார்ட் ஊர் என்றால் என்ன என்று இப்போது யாராவது கேட்டால், ஜீப் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று தெரிந்த ஊர் என்பேன். அன்றைக்கு அது தோன்றவில்லை. வேலை போயிற்று என்றுதான் தோன்றியது.

மேடம் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "இங்க நல்ல பூட்டு கிடைக்குமா?"

"திண்டுக்கல் பூட்டே இருக்கு மேடம். கடைக்குன்னு வாங்குனது, பிரிக்கவே இல்ல."

மெஷினைக் கழற்ற முடியாது, அரசாங்கச் சொத்து. அதன் மேல் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று ஒரு காகிதம் ஒட்டினோம். கதவில் திண்டுக்கல் பூட்டு தொங்கியது. ஒரு சாவி எனக்கு, ஒரு சாவி சித்திக்கு. வருகிறவர்கள் கையெழுத்துப் போட ஒரு கோடு போட்ட நோட்டு. அண்ணாச்சி விருதைத் திருப்பிக் கொடுக்கப் போனார். "பேர் அச்சடிச்சாச்சு, வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மேடம் கார் ஏறிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் காத்திருந்தேன். சித்தி கடுகடுவென்று வெளியே வந்தார்.

"என்னாச்சு சித்தி?"

"அந்த ஹாரன் கேள்வி வந்துச்சுலே."

"போச்சு! என்ன போட்ட?"

"அவுக கேட்டதப் போட்டேன். வளைவுல நான் அடிக்கிறத அடிச்சுக்கிறேன்." அப்புறம்தான் சிரித்தார். முந்தானையில் சுற்றி வைத்திருந்த எல்.எல்.ஆர். காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் காலி ஜீப், சிவப்பு 'எல்' ஒட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறது. பக்கத்து சீட்டில் டிரைவர். ஓனர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

அண்ணாச்சி கதை வேறு. பாடப் பட்டியலோடு வந்த விருதுச் சான்றிதழை ஃபிரேம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். மாட்டினால் சும்மா விடுவார்களா? வளைகாப்புக்குச் சேலை எடுக்க வரும் பெண்கள் அதைப் படித்துவிட்டு, கால் வீக்கத்திலிருந்து கீரை வரை சந்தேகம் கேட்கிறார்களாம். வேறு வழி? தினமும் ஏழு மணிக்கு மனிதர் ரோட்டைத் தாண்டி வந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு, முதல் பாடத்திலிருந்து நிஜமாகவே படிக்கிறார்.

சாவியோடு சித்திதான் கதவைத் திறந்துவிடுகிறார்.

"வாங்க அண்ணாச்சி... இப்ப எத்தனாவது மாசம்?"