ஓடி வாங்கும் மூச்சு

அக்காவின் இரண்டு நுரையீரல்களும் சுருங்கிக்கொண்டே வந்தன. மாற்றுவதுதான் வழி என்று சொல்லி, சென்னை ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்துகொண்டார்கள். பொருந்துகிற நுரையீரல் கிடைத்தால் போன் வரும். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர், மடியில் செல்போன் என்று அக்கா காத்திருந்தாள்.

அந்த வருடம் எங்கள் கல்லூரியில், அவளைப் போலக் காத்திருப்பவர்களுக்கும் நுரையீரல் ஆராய்ச்சிக்கும் நிதி திரட்ட ஓர் ஓட்டம் வைத்தோம். யோசனை என்னுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். நோட்டீசையும் நானே எழுதினேன். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் விளக்கினேன். எதிர்வீட்டு அம்மா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அக்காவுக்கு வேண்டிக்கினு ஓடுற, அதானம்மா?"

"வேண்டுதல் இல்லம்மா. இது ஆராய்ச்சிக்கு."

"சரி சரி. அப்ப கவிச்சி சாப்பிடாத."

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவுக்குள் ஓடி வந்தபோது, வாசலுக்கு வாசல் மஞ்சள் தண்ணீர்க் குடம். தீமிதிக்கப் போகிறவர்களுக்குச் செய்வதுபோல, ஓடி வந்தவர்கள் காலில் ஊற்றினார்கள். கூட ஓடிய பெண்கள் ஷூ நனையச் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் வாசலில் நாற்காலி போட்டு, மூக்கில் குழாயோடு, அக்காவும் ஒரு சொம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி ஓடிவிட்டேன்.

மத்தியானம் நான் வீட்டுக்கு வந்ததும் அக்கா, "எல்லாரும் காலைக் காட்டுனாங்க. உனக்கு மட்டும் என்னாடி ராங்கி?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலானது. அது அடங்கியதும் கேட்டாள்:

"ஓடறப்ப மூச்சு வாங்கிச்சா?"

"வாங்காம?"

"எப்பிடி இருந்துச்சு, சொல்லேன். எனக்கு உக்காந்துக்கினே வாங்குது. ஓடி வாங்குறது எப்பிடின்னே மறந்துபோச்சு."

நான் மூன்றாவதாக வந்ததைச் சொன்னேன். கல்லூரி முதல்வர் மேடையில் என்னைப் பாராட்டியதைச் சொன்னேன். அக்கா ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அவள் கேட்டதை மட்டும் நான் சொல்லவில்லை.

போன் வரவே இல்லை. பங்குனியில் அக்கா போய்விட்டாள்.

இப்போதும் இந்த மாதிரி ஓட்டம் எங்கே நடந்தாலும் பெயர் கொடுத்துவிடுகிறேன். கொஞ்ச தூரத்தில் விலா பிடித்துக்கொள்ளும், தொண்டை காயும். அதையும் தாண்டினால் மூச்சும் காலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். நெஞ்சின் அடிவரைக்கும் காற்று இறங்கும். அங்கிருந்துதான் அக்காவிடம் சொல்லத் தொடங்குவேன். பாதி சொல்வதற்குள் எல்லைக்கோடு வந்துவிடுகிறது.