மாஹுல் சேற்றில் ஒரு பரீட்சை

பம்பாய்க்கு வருகிறவர்கள் அப்போலோ பந்தரையும் மலபார் குன்றையும் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்க் கதை கதையாகச் சொல்வார்கள். நான் சொல்லப்போவது சேற்றைப் பற்றி. செம்பூருக்குத் தெற்கே மாஹுல் என்று ஒரு மீன்பிடிக் கிராமம் இருக்கிறது. அதன் கரையில் கணுக்கால் புதையும் சேற்றில் ஒரு காலைப்பொழுது முழுக்க நின்று, ஒன்பது பெண்களோடு ஜயித்துவிட்டு வந்தேன். அடக்கமாகச் சொல்லலாம் என்று பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

யுத்தம் முடிந்து வந்த முதல் பங்குனி அது. மாட்டுங்காவில் நம்மவர்கள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஆசிரியை. மேல்வகுப்புக்கு உயிரியல் வேண்டும் என்று கமிட்டியை நச்சரித்து, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருந்தேன். சம்மதத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. எந்தப் பிராணியையும் கொல்லக் கூடாது, செத்ததைப் புட்டியில் ஊறப்போட்டும் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது. செக்ரட்டரி மாமா பாலக்காட்டுக்காரர், கோபமே வராத மனிதர். அவரே, "ஒரு தவளை செத்துதுன்னு காதிலே விழுந்தாப் போறும், அன்னிக்கே கிளாஸை மூடிடுவேன்" என்று சொல்லிவிட்டார். சரி என்று படம் போட்டே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். மராத்திக்காரர், படித்தவர், கறார் பேர்வழி. தவளை எங்கே, கரப்பான் எங்கே, அறுக்காமல் என்ன உயிரியல் என்று கேட்டார். செய்முறை இல்லாத பாடத்துக்கு அங்கீகாரம் தர முடியாது, ஜூனில் வகுப்பை நிறுத்திவிடுங்கள், பெண்கள் தையல் கற்றுக்கொள்ளட்டும் என்றார். கொன்றால் ஒருவர் மூடுவார், கொல்லாவிட்டால் இன்னொருவர் மூடுவார். முன் பெஞ்சில் தாராவிப் பெண் செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று அந்த வகுப்புக்காகவே எங்கள் பள்ளியில் சேர்ந்தவள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. என் ஆய்வுக்கூடம் கடற்கரையில் இருக்கிறது, அங்கே வந்து எதை வேண்டுமானாலும் கேளுங்கள், ஒன்றையும் கொல்லாமல் பதில் சொல்கிறோம் என்றேன். அவரும் விடவில்லை, நாளைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டார்.

நாள் குறிப்பதுதான் இந்தப் பயணத்தில் பெரிய பாடு. கடல் நன்றாக உள்வாங்குவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான். அமாவாசைக்கு வீடுகளில் தர்ப்பணம், சமையலே வேறு, பெண்களை விடமாட்டார்கள். மறுநாள் பாட்டிமை, அதாவது பிரதமை, அன்றைக்கு மாட்டுங்காவில் ஒருவரும் பிரயாணம் கிளம்பமாட்டார்கள். அதே நாள் மராத்திக்காரர்களுக்குப் புதுவருஷம், இன்ஸ்பெக்டருக்கு விடுமுறை. மிஞ்சியது துவிதியை. துறைமுகத்தார் போடும் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்தால் கடல் மிக அதிகமாக இறங்குவதும் அன்றைக்குத்தான், அதுவும் காலை ஏழு மணி சுமாருக்கு! அமாவாசை கழிந்து ஒன்றிரண்டு நாளில்தான் வற்றம் உச்சத்துக்கு வரும் என்பதைப் படித்திருந்தும், அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

துணைக்கு ஒரு தாயார் வர வேண்டும் என்று கமிட்டி சொன்னது. மீன் நாற்றம் என்று மாட்டுங்கா மாமிகள் எல்லோரும் நழுவிவிட்டார்கள். செல்லக்கனியின் அம்மா பேச்சியம்மாள் மட்டும், "நாங்க தோல் கிட்டங்கி வாடைல கெடக்கோம், மீன் வாடை என்ன செய்யும்? நான் வாரேன் டீச்சரம்மா" என்றாள். தாராவியில் தோல் பதனிடும் கிடங்குகளுக்கு நடுவேதான் அவர்கள் குடியிருப்பு.

விடியுமுன் மாட்டுங்காவில் ரயில் ஏறினோம். பேச்சியம்மாளும் மகளும் சயானில் ஏறிக்கொண்டார்கள். புதிதாக வருகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். ரயிலுக்கு இந்திய நேரம், நகரசபைக் கடிகாரங்களுக்குப் பம்பாய் நேரம், பம்பாய் நேரம் முப்பத்தொன்பது நிமிஷம் பின்னால். நகரசபைக் கடிகாரத்தை நம்பிக் கிளம்பினால் வண்டியும் போய்விடும், கடலும் ஏறிவிடும். குர்லாவில் இறங்கி மான்குர்த் வண்டிக்கு மாறினோம். கரித்தூள் கண்ணில் விழும், எஞ்சினுக்கு முதுகைக் காட்டி உட்காருவது நல்லது. செம்பூரில் இரண்டு டாங்கா, குதிரை வண்டி, பிடித்தோம். மாஹுலுக்கு இரண்டரை மைல் இருக்கும். திரும்புவதற்கும் சேர்த்துப் பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் நடக்க வேண்டியதுதான். ஒன்பது பெண்களையும் கண்டு டாங்காக்காரர் கல்யாணமா என்று கேட்டார். பரீட்சை என்றதும் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கிராமத்தின் ஓரத்தில் கடலுக்குள் நீளும் ஒரு பழைய கற்சுவர், அதற்கு அப்பால் சேறு, சேற்றின் எல்லையில் அலையாத்தி மரங்கள். கடல் வெகுதூரம் போயிருந்தது. உடைந்த சிலேட்டுகளின் மரச்சட்டங்களைக் கொண்டுவந்திருந்தோம். சட்டத்தைச் சுவரில் வைத்து, அதற்குள் எது எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதுதான் வேலை. மேலே பட்டாணி அளவு நத்தைகள் மட்டும். அதற்குக் கீழே, கல்லோடு கல்லாக ஒட்டிய சுண்ணாம்புக் கூம்புகள். தூத்துக்குடிப் பக்கம் இவற்றைக் கொட்டலசு என்பார்கள், வெறுங்காலைக் கிழித்துவிடும். இன்னும் கீழே சிப்பிகள். அலமேலு என்ற பெண் சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்கள் கட்டிடத்துக் குழாய் மாதிரி என்றாள். மேல்மாடிக்குத் தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும், தாக்குப்பிடிக்கிறவர்கள்தான் அங்கே குடியிருக்க முடியும். நான் புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்துப் புரிந்துகொண்டது அது.

சேற்றில் வேறு ஊர். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக வளர்ந்த நண்டுகள், வளைக்கு ஒன்றாக நின்று அதை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிட்டன. அலையாத்தி வேரில் விரல் நீள மீன் ஒன்று ஏறி உட்கார்ந்து எங்களை முறைத்தது. செல்லக்கனியைத் தவிர மற்றவர்கள் பிறந்ததிலிருந்து மீனைத் தட்டில்கூடப் பார்க்காத பெண்கள். முதலில் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தயங்கினார்கள், கால் மணியில் சேறும் அவர்களும் ஒன்றாகிவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பூட்ஸைக் கழற்றி, கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கியபோதே எனக்கு அவர்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. வேரில் இருந்ததைக் குடையால் காட்டி, மீனா தவளையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். விரல் இல்லை, துடுப்புதான் இருக்கிறது, ஆகவே மீன் என்றாள் அலமேலு. அப்படியானால் தவளைக்கு இதுதான் பாட்டனா என்று மடக்கினார். இல்லை சார், இது இன்றைக்கு வாழ்கிற மீன், தவளையின் முன்னோர் எப்போதோ கரையேறினார்கள், இது தன் வழியில் தனியாக ஏறிக்கொண்டிருக்கிறது என்றாள். அவர் தலையாட்டவில்லை. அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனார். பெண்களும் சளைக்கவில்லை.

கடைசியில் சுவரடியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். அதில் நாலைந்து கொட்டலசுகள், இறுக மூடியபடி. இது நத்தைக் குடும்பமா, நண்டுக் குடும்பமா? புத்தகத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டாம், கண்முன் காட்டுங்கள். நானாக இருந்தால் உடைத்து ஒரு நிமிஷத்தில் காட்டிவிடுவேன், உங்களுக்குத்தான் கொல்லக் கூடாதே என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிகிறது. இதில் தவறினால் வகுப்பு போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

செல்லக்கனி கல்லை வாங்கினாள். கண்ணாடிப் புட்டியில் கடல் தண்ணீர் மொண்டு, கல்லை உள்ளே இறக்கி, சுவர்மேல் வைத்தாள். எல்லோரும் சுற்றி நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. தூரத்தில் தண்ணீர் திரும்பத் தொடங்கிவிட்டது. கூம்பின் உச்சியில் மயிரிழை விரிசல் விடும், உடனே மூடிக்கொள்ளும். பேச்சியம்மாள் இசக்கியம்மனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார்.

செல்லக்கனி புட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சாப், தோடா ஹட்டோ" என்றாள்.

தாராவிக் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு ஆளை விலக்கும் அதே குரல், அதே மரியாதை. கொஞ்சம் தள்ளி நில்லும் என்று அரசாங்க அதிகாரியைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அவர் தள்ளி நின்றுகொண்டிருந்தார். உங்கள் நிழல் விழும்போதெல்லாம் அது பயந்து மூடிக்கொள்கிறது என்று அவள் இந்தியிலேயே விளக்கி, எங்களையும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் போகச் சொன்னாள்.

கூம்பு திறந்தது. உள்ளேயிருந்து இறகு விசிறி போல ஒன்று வெளியே வந்து, விரிந்து, தண்ணீரை அள்ளிக்கொண்டு உள்ளே போனது. மறுபடி வந்தது. பக்கத்துக் கூம்பும் திறந்தது. செல்லக்கனி பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, அவை கால்கள், ஒவ்வொன்றிலும் கணுக்களை எண்ணிப் பாருங்கள் என்றாள். நத்தைக்கு ஏது கணு வைத்த கால்? இது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரியும், பிறகு தலையைக் கல்லில் ஒட்டிக்கொண்டு, ஆயுள் முழுக்கக் காலால் உணவை உள்ளே தள்ளும்.

"தலைய ஒட்டிக்கிட்டு காலால திங்குதாக்கும்? நல்ல பொழப்பு" என்றாள் பேச்சியம்மாள்.

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி நிழல் விழச்செய்தார், மூடியது. எடுத்தார், திறந்தது. குழந்தை போல அதையே திரும்பத் திரும்பச் செய்தார். இதைப் புட்டியில் செத்ததாகத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன், செத்தது ஒருபோதும் இதைக் காட்டவில்லை என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். ஜூனில் வகுப்பு நடக்கட்டும், அங்கீகாரத்துக்கு நானே எழுதுகிறேன் என்றார். நான் அழுதுவிட்டேன். மறைக்கவும் இல்லை. பெண்கள் போட்ட கூச்சலில் சேற்று நண்டுகள் அத்தனையும் வளைக்குள் போய்விட்டன. கல்லை எடுத்த இடத்தில், இருந்த வாக்கிலேயே திருப்பி வைத்துவிட்டுக் கரையேறினோம்.

போக நினைக்கிறவர்களுக்கு: பழைய ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், கொட்டலசு வெறுங்காலைச் சும்மா விடாது. வற்றத்துக்கு அரைமணி முன்பே இறங்கி, தண்ணீர் திரும்பியதும் ஏறிவிட வேண்டும். சேற்றில் ஏறும் கடல் நடந்து வராது, ஓடி வரும். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், கிராமத்துக் கிணறு உப்பு. மழைக்காலத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம். கட்டுச்சோற்றுக்குத் தயிர்சாதம் எடுத்துப்போகாதீர்கள், எங்களுடையது எட்டு மணிக்கே புளித்துவிட்டது. பேச்சியம்மாளின் கருப்பட்டியும் அவலும்தான் எங்களைக் காப்பாற்றின.

திரும்பும்போது குர்லாவில் பெண்கள் பெட்டியில் ஏறினோம். பாவாடையெல்லாம் சேறு, கையெல்லாம் கடல் வாடை. பட்டுப்புடவை கட்டிய நம்மூர் மாமி ஒருவர் மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஜன்னலோரம் ஒதுங்கினார். சற்றுப் பொறுத்து, மீன் விற்றுவிட்டு வருகிறீர்களா என்று பேச்சியம்மாளைக் கேட்டார். பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

பேச்சியம்மாள் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

"மீன் விக்கலம்மா. பரீட்சைக்குப் போயிட்டு வாரோம். எங்க புள்ளைக அம்புட்டும் பாஸு."