பாதி அழுத்திய விரல்

ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து நேசகுமார் கைப்பேசியில் ஏதோ படித்துக்கொண்டிருக்கிறார். வலது ஆள்காட்டி விரல் மட்டும் அந்தப் படிப்பில் சேராமல், முன்சீட்டுக் கம்பியின் மேல் தனியாக வேலை பார்க்கிறது. மெல்லப் பாதி அழுத்துகிறது, நிற்கிறது, விட்டுவிடுகிறது. மறுபடியும் பாதி. டீ டம்ளரின் விளிம்பிலும், ஸ்கூட்டர் பிரேக்கிலும், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தின் அட்டையிலும் அந்த விரல் இதையேதான் செய்யும். இருபத்தாறு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவர். பொத்தானைப் பாதி அழுத்தினால் முகம் தெளியும். முழுக்க அழுத்தினால் படம் விழும். இரண்டுக்கும் நடுவில் காத்திருக்கத் தெரிந்தவன்தான் போட்டோகிராபர் என்பார்.

“இன்னாபா, மஞ்சக்காரன் இன்னா சொல்றான்?” என்று கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி கேட்கிறார் கஜபதி. ஆட்டோ அவருடையது. திருத்தணி மலையடிவாரத்தில் வண்டி போட்டு இருபது வருடம் ஆகிறது. முகூர்த்த நாளில் நேசகுமாரை மலைக்கு ஏற்றிப்போய் இறக்கிக் கொண்டுவருவதும் அவர்தான்.

“மஞ்சக்காரன் வாயே தொறக்கல. செவப்புக்காரன் ஏதோ பெருசா பண்ணிகினு கீறான்னு எழுதிகிறானுங்க. ஆரஞ்சு வருசக் கடேசிலதான் எறங்குமாம்.”

பள்ளிப்பட்டிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த துண்டு போட்ட பெரியவர் இதைக் கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். “செவப்பு தனியாவா நிக்குது, கூட்டணியா?”

“கூட்டணி எல்லாம் கெடயாது பெரியவரே” என்றார் கஜபதி. “மூணு பேரும் ஜப்பான்காரன்.”

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சரவணப் பொய்கையில் இறங்கிக்கொண்டார்.

நேசகுமார் கம்பெனிகளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கேமராவின் கழுத்துப் பட்டையில் எழுத்து என்ன நிறமோ அதுதான் பெயர். கேனான் சிவப்பு, நிக்கான் மஞ்சள், சோனி ஆரஞ்சு. அடுத்த பெரிய பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, யார் முதலில் கொண்டுவருவார்கள், அதில் என்னென்ன இருக்கும் என்று உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் யாராவது எழுதிக்கொண்டே இருப்பார்கள். அதையெல்லாம் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் அவர் படித்தாக வேண்டும். கேள்விப்பட்டது, ஓரளவு நம்பலாம், கிட்டத்தட்ட உறுதி என்று வதந்திகளுக்கு அந்தத் தளங்கள் தரம் பிரித்துப் போடும். கம்பெனி வாயைத் திறந்து ஒரு தேதி சொன்னதாக அவர் படித்ததே இல்லை. சொல்கிறவன் எப்போதும் வேறு எவனோதான்.

மனைவி ஜெபசெல்வி இதைக் கோபத்தோடு சொல்வதில்லை. தோசையைத் திருப்பிப் போட்டபடி சொல்வார். “ஆண்டவர் வர்ற நாளே யாருக்கும் தெரியாதாம். ஒங்க கேமரா வர்ற தேதி மட்டும் எப்டித்தான் தெரியுதோ.”

கஜபதியின் கிண்டல் வேறு மாதிரி. மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி கிடையாது என்று நேசகுமார் முதல்முறை விளக்கியபோது, மலைப்பாதை வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். “நா கண்ணாடி இல்லாம வண்டி ஓட்னா போலீஸு கேஸ் எழுதுறான். ஒனக்குக் கண்ணாடி இல்லன்னா வெல ஜாஸ்தியா?”

“அது வேற கண்ணாடி கஜா.”

“எந்தக் கண்ணாடியா இருந்தா இன்னா? பின்னாடி இன்னா வருதுன்னு பாக்க வாணாவா?”

அப்போதுதான் நேசகுமார் தன் பெரிய ஆசையைச் சொன்னார். புதிய பாடிகளில் ஒரு வசதி இருக்கிறது. பாதி அழுத்திக்கொண்டு நின்றால் போதும். முழுக்க அழுத்துவதற்கு முன்னால் நடந்ததையும் அது சேர்த்து எடுத்து வைத்துக்கொள்ளும். இப்போதே அரை நொடி, ஒரு நொடி என்று பின்னால் போகிறது. அடுத்து வரப்போவதில் இன்னும் கூட்டுவார்கள் என்று பேச்சு.

“அப்ப நா பொறந்தத எடுக்குமா?”

“அர செகண்டுபா. நீ விட்டுட்ட பாரு, அந்த அர செகண்டு.”

“அர செகண்டுல இன்னாத்த விட்டுடப் போறோம்?” என்று கேட்டுவிட்டுக் கஜபதி கியரைப் போட்டார்.

அந்தப் பேச்சு நடந்தது சென்ற கார்த்திகையில். அப்போது நேசகுமாரிடம் சொந்த பாடி ஒன்று இருந்தது. ஆறு வருடப் பழசு, கைப்பிடி ரப்பர் தேய்ந்து வழவழத்தது, ஆனால் அவர் கைக்கு அடங்கியது. புதுசு அறிவித்த அன்றைக்கே பழசின் விலை விழுந்துவிடும். ஆகவே அறிவிப்புக்கு முன்பே தள்ளிவிட வேண்டும் என்பது வதந்தி படிக்கிறவர்களின் கணக்கு. தை பிறந்ததும் வருகிறது, கிட்டத்தட்ட உறுதி என்று ஒரு தளம் எழுதியது. நடுவில் மார்கழி. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கையில் கேமரா இல்லாமல் இருப்பதற்கு அதைவிட வாகான மாதம் ஒரு கல்யாண போட்டோகிராபருக்குக் கிடைக்காது. விற்றுவிட்டார். வாங்கினவன் பையில் போட்டு எடுத்துப்போன பிறகும் இவர் விரல் போட்டோக் கடையின் மேசையில் பாதி அழுத்திக்கொண்டிருந்தது.

தை பிறந்தது. கேமரா பிறக்கவில்லை. கஜபதியின் மகள் கல்யாணம்தான் முந்திக்கொண்டு வந்தது.

பானுப்ரியாவின் கல்யாணத்தை வைகாசிக்குத்தான் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை. விசா சீக்கிரம் வந்துவிட, எல்லாம் தைக்கு நகர்ந்தது. கஜபதிக்கு இதில் சம்மதமில்லை. கல்யாணம் ஆனாலும் ஒரு வருடமாவது பெண் இங்கேயே இருக்கட்டும் என்றார். பெண் கேட்கவில்லை. ஒரு மாதம் அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாப்பாட்டுத் தட்டை நகர்த்துகிற சத்தத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

“பாப்பா கல்யாணத்துக்குப் புது பாடிலதான் எடுப்பேன்” என்று சொல்லியிருந்த நேசகுமார், அரக்கோணம் போய் ஒரு கேமராவை வாடகைக்கு எடுத்து வந்தார். கிரிக்கெட் எடுக்கிற ஒருவருடையது. நல்ல கேமராதான். ஆனால் அதன் சொந்தக்காரர், முகத்தைத் தெளிய வைக்கும் ஃபோகஸைப் பின்பக்கம் கட்டைவிரல் பொத்தானுக்கு மாற்றி வைத்திருந்தார். முன்பக்கப் பொத்தானைப் பாதி அழுத்தினால் ஒன்றும் நடக்காது. மெனுவுக்குள் போய் மாற்றப் பத்து நொடி போதும். ‘ஒரு நாள்தானே, கட்டைவிரல்லயே ஓட்டிடலாம்’ என்று நேசகுமார் விட்டுவிட்டார். காலையிலிருந்து ஓட்டவும் செய்தார்.

மலைமேல் மண்டபத்தில் தாலி கட்டும் நேரம். வழக்கம்போல நேசகுமார் குரல் கொடுத்தார்: “செல்லெல்லாம் உள்ள வைங்க! கேமராவ மறைக்காதீங்க! செல் லோப்பல பெட்டண்டி!” அவர் சொன்னால் தமிழ்க்காரரும் தெலுங்குக்காரரும் கேட்பார்கள். எல்லாக் கைப்பேசியும் மடிக்குள் போயிற்று. மாப்பிள்ளை வீட்டு வீடியோக்காரர் தாலிக்கயிற்றின் மேல் குனிந்திருந்தார். கெட்டிமேளத்துக்குக் கை ஓங்குவதைப் பிடிக்க, பின்னால் தூணோரம் நின்ற தவில்காரரை நோக்கிக் கட்டைவிரலை அழுத்தினார் நேசகுமார்.

தவில்காரர் மூக்கைச் சொறியத்தான் கையைத் தூக்கினார். கெட்டிமேளம் என்று நினைத்து, கையில் இருந்த அட்சதை முழுவதையும் கஜபதி ஒருவராக வீசிவிட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஐயர் தலையிலும் தேங்காய் மேலும் மஞ்சள் அரிசி. மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வெறுங்கையை நீட்டியபடி கஜபதி நின்றார். மணையில் இருந்த பானுப்ரியா நிமிர்ந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அப்பாவை நேராகப் பார்த்து, “நைனா!” என்று உதட்டைக் கடித்து, அடக்க முடியாமல் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்படி சிரித்தாள்.

நேசகுமார் கேமராவைத் திருப்பினார். இருபத்தாறு வருடத்து விரல் தன் வேலையைத் தானே செய்தது. பாதி அழுத்தியது, நின்றது, சரியான கணத்தில் முழுக்க அழுத்தியது. கட்டைவிரல் சும்மா இருந்தது; ஃபோகஸ் தூண் தூரத்திலேயே நின்றது. அதற்குள் உண்மையான மேளம் கொட்டிவிட்டது.

படத்தில் பின்னால் உள்ள கல்தூண் பளிச்சென்று இருக்கிறது. அதில் செதுக்கிய மயிலின் தோகையில் கோடுகளை எண்ணலாம். முன்னால் பட்டுப்புடவையின் சிவப்பும், மல்லிகையின் வெள்ளையும், நடுவே ஒரு சிரிப்பும் தண்ணீரில் கரைந்ததுபோல் கலந்து கிடக்கின்றன.

அன்றைக்குப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்த கஜபதி முதலில் கேட்டது இதைத்தான். “நேசா, பாப்பா என்னப் பாத்து சிரிச்சிச்சே, எட்த்தியா?”

“ஆங்” என்றார் நேசகுமார்.

ஆறாம் நாள் பெண் விமானம் ஏறிவிட்டாள்.

அந்த ஒற்றை ‘ஆங்’ ஏழு மாதமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆல்பம் எங்கே என்றபோது டிசைன் நடக்கிறது என்றார். பிறகு பிரிண்ட் என்றார். பங்குனியில் கஜபதி இன்னொருமுறை கேட்டபோது, வாயில் வந்ததைச் சொன்னார்: “அந்த ஒரு படத்த மட்டும் தனியா வெச்சிகிறேன் கஜா. புது கேமரா வரட்டும், அதோட வர்ற சாப்ட்வேர்ல போட்டு இன்னும் சூப்பரா பண்ணித் தர்றேன்.”

கஜபதி நம்பினார். நம்பியது மட்டுமல்ல, அன்றிலிருந்து கிண்டலை விட்டுவிட்டார். இப்போது கேமரா சேதியை நேசகுமாரைவிட ஆவலாகக் கேட்கிறவர் அவர்தான். ஆட்டோ வரிசையில் நிற்கிற மற்ற டிரைவர்களிடம், “செவப்பு முந்துமா மஞ்ச முந்துமான்னு தெரில. வந்துட்சின்னா நம்ம பாப்பா படம் ரெடி” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பானுப்ரியாவிடமும் போனில் சொல்லியிருக்கிறார். அவள் நாலு நிமிடம் பேசுவாள். அதில் ஒரு நிமிடம் மஞ்சக்காரனுக்குப் போய்விடும்.

சில நாள் நேசகுமார் கடையில் தனியாக இருக்கும்போது அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, தெளிவாக்குகிற சாப்ட்வேர் ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்ப்பார். அது மூக்கு வரைந்து, பல் வரைந்து ஒரு முகத்தைக் கொடுக்கும். அழகான முகம். பானுப்ரியா இல்லை. எந்தக் கேமரா வந்தாலும் இதற்கு உதவாது என்று அவருக்குத் தெரியும். அதைவிட மோசமான இன்னொன்றும் தெரியும். அந்தச் சிரிப்பை எடுக்கப் பின்னோக்கிப் போகிற கேமரா எதுவும் வேண்டியிருக்கவில்லை. மார்கழியில் விற்ற அந்த வழவழத்த பழசே போதும். “செல்ல உள்ள வைங்க” என்று கத்தாமல் இருந்திருந்தால் அதுகூட வேண்டாம்; யாருடைய கைப்பேசியிலாவது விழுந்திருக்கும்.

ஆடி போய் ஆவணி முதல் முகூர்த்தம் இன்று. அதே வாடகைக் கேமரா. கையில் வாங்கியதும் நின்ற இடத்திலேயே மெனுவுக்குள் போய் ஃபோகஸைப் பாதி அழுத்தலுக்கு மாற்றிக்கொண்டார். சரியாகப் பத்து நொடி. கல்யாணம் முடிந்து, மலைமேல் வண்டி நிறுத்துமிடத்தில் ஆட்டோவுக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வெயில் ஏறிவிட்டது.

“நேசா, ராத்திரி பாப்பா போன் பண்ணிச்சி” என்றார் கஜபதி. “ஆல்பம் வாணாம் நைனா, அந்த ஒரு போட்டோ மட்டும் போதும், நீ அரிசி போட்டியே அதுன்னுச்சி. அது சொல்லிச் சிரிக்குது. அடுத்த மாசமாவது வந்துடுமாபா?”

நேசகுமார் சட்டைப் பையில் கைவிட்டார். ஏழு மாதமாக அழிக்காமல், வேறு வேலைக்கும் போடாமல் வைத்திருக்கும் மெமரி கார்டு அங்கேதான் இருக்கிறது. கேமராவில் அதைச் செருகினார். படங்களைத் தள்ளித் தள்ளிப் போய் ஒன்றில் நிறுத்தினார்.

“இங்க பாரு கஜா.”

கஜபதி முன்சீட்டிலிருந்து முழுதாகத் திரும்பி, கம்பிக்கு மேல் குனிந்தார். திரையை அவர் பக்கம் சாய்க்கும்போது நேசகுமாரின் விரல் பொத்தானைத் தேடிப்போய் உட்கார்ந்தது. பாதி அழுத்தியது. கண்ணாடி இல்லாத கேமராவில் பாதி அழுத்தினால் பழைய படம் போய்விடும்; எதிரில் இருப்பதுதான் தெரியும்.

“இன்னாபா இது, ஆட்டோ சீட்டு தெரியுது” என்று சிரித்தார் கஜபதி. “பாப்பா எங்க?”

நேசகுமார் கேமராவை இடது கைக்கு மாற்றினார். கட்டைவிரலால் அந்தக் கலங்கிய படத்தை மறுபடி வரவழைத்து, பட்டையோடு சேர்த்துக் கஜபதியின் இரண்டு கையிலும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.