கடாரம் பார்க்கப் போன பஸ்

சுங்கை சிப்புட்டில் நான் கும்பிடப் போகும் கோயிலிலிருந்து வடக்கே கெடா மாநிலத்துக்கு ஒரு பஸ் விட்டார்கள். பழைய காலத்துக் கடாரம் அதுதானாம். எனக்குச் சரித்திரம் தெரியாது. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவதோடு சரி. பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீட்டில் டிவி மட்டும்தான் பேசும். ஒரு நாளாவது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவார்கள் என்றுதான் பெயர் கொடுத்தேன்.

எல்லாரும் ஜோடி ஜோடியாக ஏறினார்கள். என் பக்கத்து சீட்டில் தண்ணீர்ப் போத்தல் பெட்டியை வைத்தார்கள். "அக்கா, கொஞ்சம் புடிச்சிக்குங்க, சாஞ்சிரப் போவுது." சரி என்றேன்.

தைப்பிங் தாண்டியதும் கோயில் செயலாளர் மைக்கைப் பிடித்தார். "நம்ம சோழ ராஜா கப்பல் கப்பலா படையக் கொண்டாந்து கடாரத்தையே புடிச்சாரு! யானை, பொன்னு, ரத்தினம் வச்ச வாசக்கதவு, அம்புட்டையும் அள்ளிக்கிட்டுப் போனாரு!"

"அவரு திரும்பிப் போயிட்டாரு, நாமதான் மாட்டிக்கிட்டோம்லா!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். பஸ்ஸே சிரித்தது.

கதவைக்கூட மறக்காமல் சொல்லி வைத்திருக்கிறார்களே, காய்ச்சலில் கிடந்து, ஊர் திரும்பும் கப்பலைத் தவறவிட்ட சிப்பாய் எவனாவது இருந்திருப்பானே, அவனோடு யார் பேசியிருப்பார்கள்? கேட்க நினைத்தேன். சாய்ந்த போத்தல் பெட்டியை நிமிர்த்திப் பிடித்தேன்.

கெடாவில் இறங்கினோம். மலையடியில், மரங்களுக்கு நடுவே, ஒரு பழைய கோயிலின் கல் அடித்தளம் மட்டும் இருந்தது. எங்கள் தோட்டத்தைக் கம்பெனி விற்று மாரியம்மன் கோயிலை இடித்தபோதும் அடித்தளம்தான் மிஞ்சியது. புதுக் கோயில் எழும்பும்வரை அதைத்தான் சுற்றிக் கும்பிட்டோம். அந்தப் பழக்கத்தில் சிலிப்பரைக் கழற்றிவிட்டு வலமாக நடந்துவிட்டேன். பின்னால் சில பெண்களும் கழற்றிவிட்டு வந்தார்கள். ஒருத்தி பையில் கற்பூரம் தேடினாள். காவலுக்கு நின்ற மலாய்க்காரர், "மக்சிக்! மக்சிக்!" என்று மலாயில் அத்தை முறை சொல்லிக் கூப்பிட்டபடி ஓடிவந்தார்.

செயலாளர் தலையில் கைவைத்தார். "அம்மா, இது மியூசியம்லா! இங்க சாமி கெடையாது."

"வேண்டி முடிச்ச பெறகு சொல்றீங்களே அண்ணே," என்றாள் பஸ்ஸில் கத்தியவள். "என் வேண்டுதல் இப்ப யாருகிட்ட போவும்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. குனிந்து சிலிப்பரை மாட்டினேன். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க என்னாக்கா வேண்டிக்கிட்டீங்க?"

காலையிலிருந்து காத்திருந்தது இதற்குத்தான்.

"ஒண்ணுமில்லம்மா," என்றேன்.

அவளும் தன் சிலிப்பரை மாட்டினாள். பிறகு தன் கூட்டாளியைத் தேடிப் போய்விட்டாள்.

பஸ் கிளம்பிய பிறகுதான் சொல்ல வேண்டியது வாயில் வந்தது. "சும்மாதாம்மா. நீ என்ன வேண்டிக்கிட்ட?" அவ்வளவுதான். அவள் கடைசி வரிசையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். நான் சன்னல் பக்கம் திரும்பி, அதை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.